பாலிக்செனிடே: மூன்று மில்லிமீட்டர் மரவட்டையை வகைப்படுத்தப் பழகுவது எப்படி

மரவட்டை என்றதும் நம் கண்முன் வருவது மழைக்காலத்தில் சுவரோரமாக ஊர்ந்து போகும் ரயில்பூச்சிதான். தொட்டால் சுருண்டுகொள்ளும், விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டும், ஓடு கெட்டியாக வழவழவென்று இருக்கும். இப்போது சொல்லப்போகும் பாலிக்செனிடே குடும்பமும் மரவட்டைதான், ஆனால் இந்த மூன்றில் ஒன்றும் இதற்குப் பொருந்தாது. உடம்பு எள்ளளவு, இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம். ஓடு கிடையாது, தோல் மெத்தென்று இருக்கும். மேல்முதுகில் வரிசை வரிசையாக மயிர், பக்கங்களில் கொத்துக் கொத்தாக மயிர், பின்னால் வெளிர்நிறத்தில் வாலைப்போல ஒரு குஞ்சம். ஐரோப்பாவில் பழைய கல்சுவர்களிலும் மரப்பட்டைக்கு அடியிலும் பாசியைத் தின்றுகொண்டு திரியும் பாலிக்செனஸ் லகூரஸ்தான் இந்தக் கூட்டத்தில் அதிகம் ஆராயப்பட்டது, அதனால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

வகைப்பாட்டியல் என்றாலே லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே வேறு. கையில் இருக்கும் ஒரு உயிரைப் பார்த்து, படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆதாரம் காட்டி இறங்கி வருவது. ஆதாரம் எந்தப் படியில் தீர்ந்துபோகிறதோ அந்தப் படியிலேயே நின்றுகொள்ளவும் தெரிய வேண்டும். புதிதாக வருபவர்கள் முதல் நாளே இனப்பெயரைச் சொல்லிவிடத் துடிப்பார்கள். இந்தக் குடும்பத்தில் அது நடக்காது, ஏன் நடக்காது என்பது போகப்போகப் புரியும்.

முதலில் முகவரி

மேலிருந்து எழுதினால் இப்படி வரும்: விலங்குலகம், கணுக்காலிகள் தொகுதி, அதற்குள் மிரியாபோடா என்ற பல்காலிகள் பிரிவு, டிப்ளோபோடா என்ற மரவட்டை வகுப்பு, பெனிசில்லேட்டா துணைவகுப்பு, பாலிக்செனிடா வரிசை, பாலிக்செனிடே குடும்பம், பாலிக்செனஸ் பேரினம், கடைசியில் பாலிக்செனஸ் லகூரஸ் என்ற இனம்.

இதில் பாலிக்செனிடா, பாலிக்செனிடே இரண்டையும் கவனியுங்கள். தமிழில் எழுதும்போது கடைசி எழுத்து மட்டும்தான் மாறுகிறது, ஆனால் முன்னது வரிசை, பின்னது அந்த வரிசைக்குள் இருக்கும் குடும்பங்களில் ஒன்று. விலங்குகளில் குடும்பப் பெயர் எப்போதும் 'இடே' என்றுதான் முடியும், அது பெயரிடும் விதியிலேயே இருக்கிறது. அதனால் 'இடே' என்று பார்த்தால் குடும்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். தமிழ்க் குறிப்புகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அந்தக் குழப்பத்தோடு தொடங்கினால் பின்னால் எல்லாமே தடுமாறும்.

துணைவகுப்புப் படிதான் இந்த முகவரியிலேயே பெரிய பள்ளம். இன்று உயிரோடு இருக்கும் மரவட்டைகளில் சுமார் 12,000 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே கைலோக்னாத்தா என்ற ஒரே துணைவகுப்பு, அதாவது சுண்ணாம்புச்சத்து ஏறிய கெட்டி ஓடு உள்ளவை. மீதி இருக்கும் சிறு கூட்டம்தான் பெனிசில்லேட்டா. லத்தீனில் பெனிசில்லஸ் என்றால் தூரிகை, மயிர்க்கொத்துகளைப் பார்த்து வைத்த பெயர். இவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடும் இல்லை, தற்காப்புக்காக நாற்றமடிக்கும் திரவத்தைக் கக்கும் சுரப்பியும் இல்லை. மரவட்டைகளின் வம்சாவளியில் இந்த இரண்டு கிளைகளும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டன. சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையான மியான்மர் அம்பரில் (கல்லாக இறுகிப்போன மரப்பிசின்) சிக்கிய ஒரு மயிர் மரவட்டைக்கு 1917இல் காக்கரெல் என்பவர் பெயர் வைத்தார், பார்த்தால் இன்றைய உறவினர்களில் ஒன்று என்றே தோன்றும்.

இது மரவட்டைதானா?

சரி, கையில் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும், முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இங்கே அதிகம் ஏமாற்றுவது டெர்மெஸ்டிட் வண்டுகளின் புழு. துணி அலமாரியிலும் கம்பளத்திலும் இருக்குமே, பழுப்பு நிறத்தில், மயிரடர்ந்து, பின்னால் கொத்தாக முடியோடு, அதேதான். நானே வீட்டு அலமாரியில் பழைய பட்டுத்துணி மடிப்பில் கிடந்த ஒன்றைப் பார்த்து, கடைசியில் ஒரு பாலிக்செனிட் கிடைத்தது என்று பரபரப்பாகி, அரை மணிநேரம் வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மல்லாத்தியபோது ஆறே கால்கள், அதுவும் முன்பக்கத்தில் மட்டும். பின்பாதி வயிறு வெறுமையாக இருந்தது. அன்றிலிருந்து எது கிடைத்தாலும் முதலில் மல்லாத்திப் பார்ப்பதுதான் என் பழக்கம், நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஆனால் ஆறு கால் என்றதும் பூச்சி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் பாலிக்செனஸ் குஞ்சுக்கும் மூன்று ஜோடிக் கால்தான்! அப்போது எப்படிப் பிரிப்பது? அளவைப் பாருங்கள். கால்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள குஞ்சு ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், வண்டுப்புழு பெரும்பாலும் அதைவிடப் பெரிது. உணர்கொம்பும் உதவும். மரவட்டைக்கு எட்டுக் கணுக்கள் உள்ள தெளிவான ஒரு ஜோடி உணர்கொம்புகள் தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நடக்கும்போது தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். வண்டுப்புழுவின் உணர்கொம்பு கட்டையாக இருக்கும், கண்ணில் படாது.

பூரானோடு குழப்பம் வராது என்று நினைப்பீர்கள். ஆனால் பெயர் வைத்த லின்னேயஸே 1758இல் இதை ஸ்கோலோபெண்ட்ரா என்ற பேரினத்தில்தான் சேர்த்தார். இன்று அந்தப் பேரினம் முழுக்கப் பெரிய பூரான்களுக்கு உரியது. இந்தக் கதை பின்னால் ஒருமுறை தேவைப்படும்.

பிடிப்பதும் வைப்பதும்

இடுக்கியால் எடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உயிரின் வகைப்பாடு முழுவதும் அதன் மயிரில்தான் இருக்கிறது, அந்த மயிரோ கழன்று விழுவதற்கென்றே அமைந்தது.

ஃப்ளோரிடாவில் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் பாலிக்செனஸ் ஃபாசிகுலேட்டஸ் என்ற உறவினத்தை எறும்புகளோடு விட்டுப் பார்த்து, 1996இல் எழுதினார்கள். எறும்பு வந்து கடிக்கப் பார்த்தால் இந்த மரவட்டை பின்பக்கத்தில் உள்ள இரண்டு குஞ்சங்களையும் விரித்து எறும்பின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்க்கிறது. மயிர்கள் கொத்தாகக் கழன்று எறும்பின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் தூண்டில்போலக் கொக்கி, தண்டு நெடுகப் பின்னோக்கிய முள். எறும்பு துடைக்கத் துடைக்க மயிர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அதன் காலையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றன. சில எறும்புகள் அப்படியே சிக்கிச் செத்தும் போகின்றன. விஷச் சுரப்பி இல்லாத ஒரு மூன்று மில்லிமீட்டர் உயிர், மயிரை மட்டும் வைத்துக்கொண்டு எறும்புக் கூட்டத்துக்கு நடுவில் பிழைத்துக்கொள்கிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்தது.

எறும்பைப் பார்த்து நடப்பது உங்கள் இடுக்கியைப் பார்த்தும் நடக்கும். குஞ்சம் கலைந்துவிட்டால் அதன் வடிவத்தை வைத்துச் சொல்லக்கூடியது எதுவும் மிஞ்சாது. அதனால் ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ் ஒன்றை எத்தனாலில் நனைத்து, நுனியால் தொட்டு எடுங்கள், அதுவாகவே ஒட்டிக்கொண்டு வரும். எடுப்பதற்கு முன்னால், உயிரோடு இருக்கும்போதே, மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அருகில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்துவிடுங்கள். நிறமும் குஞ்சத்தின் தோற்றமும் பின்னால் கிடைக்காது. வெறும் உருவத்தைப் பார்க்க 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும், மரபணுவுக்கும் வைக்க நினைத்தால் 95க்கு மேல் வேண்டும். ஒரே இடத்தில் நான்கைந்து கிடைத்தால் அவற்றைத் தனித்தனிக் குப்பியில் பிரிக்க வேண்டாம், ஒன்றாகவே வையுங்கள், ஏனென்றால் முதிர்ந்ததும் இளசும் சேர்ந்து கிடைத்தால் அடுத்த வேலை பாதி முடிந்த மாதிரி.

வயதைக் கண்டுபிடியுங்கள்

அடையாளத் திறவுகோல் என்பது கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல். அவை எல்லாமே முதிர்ந்த உயிரை மனதில் வைத்து எழுதியவை. இளசைப் பிடித்துக்கொண்டு திறவுகோலைத் திறந்தால் தவறான கதவுதான் திறக்கும்.

பாலிக்செனஸ் ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வளையமும் காலும் கூடிக்கொண்டே போகும். கால் ஜோடிகளின் கணக்கு இது: 3, 4, 5, 6, 8, 10, 12, 13. மொத்தம் எட்டு நிலைகள். முதலில் ஒன்று ஒன்றாக, அப்புறம் இரண்டு இரண்டாக, கடைசியில் மறுபடி ஒன்று. பதின்மூன்று வந்துவிட்டால் முதிர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் தோலுரிக்கும், ஆனால் கால் கூடாது. எனவே 10 ஜோடி எண்ணினால் அது ஆறாம் நிலை என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். 7 ஜோடியோ 9 ஜோடியோ வந்தால் எங்கேயோ தவறவிட்டிருக்கிறீர்கள், மறுபடி எண்ணுங்கள். ஆயிரங்கால் என்று ஊரில் சொல்லும் உயிருக்கு இங்கே மொத்தமே 26 கால்கள்! உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டிய மரவட்டை 2021இல்தான் பெயர் பெற்றது, மேற்கு ஆஸ்திரேலியாவின் யூமில்லிப்பஸ் பெர்செஃபோனே, 1,306 கால்கள்.

எண்ணும்போது ஒரு சின்ன உத்தி: சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் எத்தனால் ஊற்றி, உயிரை மல்லாத்தி, கீழிருந்து வெளிச்சம் கொடுங்கள். பின்பக்கத்துக் கால்கள் குஞ்சத்துக்கு அடியில் மறையும், அங்கேதான் எல்லோரும் ஒரு ஜோடியைத் தவறவிடுவார்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ணி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

குடும்பம்

பாலிக்செனிடா வரிசைக்குள் நான்கு குடும்பங்கள்: பாலிக்செனிடே, லோஃபோப்ரோக்டிடே, சின்செனிடே, ஹைபோஜெக்செனிடே. கடைசியாகச் சொன்னது மிகச் சிறிய குடும்பம், தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மற்ற மூன்றையும் பிரிக்கப் பழகினால் போதும்.

முதிர்ந்ததில் 15 அல்லது 17 ஜோடிக் கால் இருந்தால் சின்செனிடே. மேல்முதுகு மயிரும் செதில்போலத் தட்டையாக அடுக்கியிருக்கும். மேலே சொன்ன மியான்மர் அம்பர் உயிர் இன்று இந்தக் குடும்பத்தின் ஃபிரிசோனோட்டஸ் பேரினத்தில்தான் இருக்கிறது. 13 ஜோடி என்றால் அடுத்துத் தலையைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு சிறு மேட்டில் கரும்புள்ளிகள் கொத்தாக இருந்தால் அவைதான் கண்கள், பாலிக்செனஸ் பேரினத்தில் பக்கத்துக்கு எட்டு. லோஃபோப்ரோக்டிடேயில் பெரும்பாலும் கண்ணே இருக்காது, உடலும் வெளிறியிருக்கும், மண்ணுக்கடியிலும் குகையிலும் கிடைப்பவை அதில் உண்டு.

கண் இருக்கிறது, கால் 13 ஜோடி, அப்படியானால் பாலிக்செனிடே என்று முடித்துவிடலாமா? முக்கால்வாசி முடிக்கலாம். உறுதிப்படுத்துவது வாய்க்கு அடியில் இருக்கும் தட்டு. அதன் வெளிப்பக்கத்தில் விரல்போல நீளும் உணர்வுறுப்பு ஒன்று இருக்கும், பாலிக்செனிடேயில் அது நன்றாக வளர்ந்திருக்கும், லோஃபோப்ரோக்டிடேயில் குறுகியிருக்கும். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். இன்னொன்று, சின்செனிடேயின் இளசுக்கும் கால் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கால் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் குடும்பத்தை எழுதாதீர்கள், மயிரின் வடிவத்தையும் கூடவே பாருங்கள்.

பேரினத்துக்கும் இனத்துக்கும் ஏன் ஸ்லைடு வேண்டும்

மற்ற மரவட்டைகளில் இனத்தைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஆணின் கலவிக்கால்களை. கலவிக்காகவே உருமாறிய அந்தக் கால்கள் இனத்துக்கு இனம் பூட்டும் சாவியும்போல வேறுபடும். பாலிக்செனிடேயில் அப்படி ஒரு உறுப்பே இல்லை. ஆண் மெல்லிய நூல் பின்னி, அதில் விந்துத் துளியை வைத்துவிட்டுப் போய்விடும், பெண் பின்னால் வந்து அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே வகைப்பாட்டாளர்களுக்கு மிஞ்சியது மயிர்தான். மயிரும் கழன்றுவிடும் என்றால்? மயிர் முளைத்திருந்த குழிகள் கழலாது. அவற்றைத்தான் எண்ணுகிறார்கள்.

எப்படி என்றால், உடலை எத்தனாலில் கழுவி, மிச்ச மயிரையும் நீக்கி, உள்தசை கரைந்து தோல் கண்ணாடிபோல ஆகும்வரை காரக் கரைசலில் வைத்து, சாயமேற்றி, ஸ்லைடில் தட்டையாக விரிக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்முதுகுத் தகடு ஒவ்வொன்றிலும் குழிகள் புள்ளிக்கோலம்போல வரிசை பிடித்து நிற்கும். எத்தனை வரிசை, நடுவில் இடைவெளி இருக்கிறதா, ஓரத்தில் எப்படிக் கூடுகிறது என்று தகடு தகடாகக் குறித்துக்கொள்வார்கள். அதோடு உணர்கொம்பின் ஆறாவது கணுவில் உள்ள உணர்முளைகள், தலையின் இரு பக்கமும் மும்மூன்றாக நிற்கும் நீண்ட உணர்மயிர்களின் அடிக்குழிகள், மேலுதட்டின் மேற்பரப்பு, கால் நுனி நகத்தின் வடிவம். வால் குஞ்சமும் முக்கியம், பாலிக்செனஸில் அது இரட்டையாகப் பிரிந்திருக்கும்.

புதியவர்கள் முதல் ஸ்லைடையே இனம் காணும் வேலைக்கு வைக்காமல் இருப்பது நல்லது. ஒரே இடத்தில் எடுத்த இரண்டு மூன்று உயிர்களை ஸ்லைடாக்கி, ஒரே தகட்டின் குழிகளை மூன்றிலும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக ஒன்றாக வராது. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் இயல்பு என்று கையில் பட்ட பிறகுதான் இரண்டு இனங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பேரினத் திறவுகோல் தேடுபவர்களுக்கு மேகன் ஷார்ட், வார்பு வாஹ்டெரா இருவரும் 2017இல் வெளியிட்டது இருக்கிறது, பெனிசில்லேட்டா துணைவகுப்பு முழுவதையும் உறவுமுறையோடு சேர்த்துப் பார்த்தது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் புரூனோ கோந்தேயின் கட்டுரைகளையும் விடாதீர்கள், குழிகளை எப்படி வரைவது என்பதற்கே அவை பாடம்.

ஆண் கிடைக்கவில்லை என்று சேகரித்ததைக் குறையாக நினைக்க வேண்டாம். பாலிக்செனஸ் லகூரஸ் வட ஐரோப்பாவின் பல பகுதிகளில் பெண்களாகவே வாழ்கிறது, ஆண் இல்லாமலே பெண்கள் பெண்களை ஈன்றுகொள்கின்றன. தெற்கே போகப்போக ஆண்களும் உள்ள கூட்டங்கள் வரும். எத்தனை பெண், எத்தனை ஆண் என்று எண்ணி எழுதுவதே ஒரு நல்ல தகவல். இரண்டாவது கால் ஜோடியின் அடிக்கணுவில் பாருங்கள், ஆணுக்கு அங்கே கூம்புபோல ஒரு ஜோடி உறுப்பு இருக்கும்.

பெயரைப் படிப்பது, எழுதுவது

முழுப்பெயர் இப்படி எழுதப்படும்: பாலிக்செனஸ் லகூரஸ் (லின்னேயஸ், 1758). அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. லின்னேயஸ் வைத்த பெயர் ஸ்கோலோபெண்ட்ரா லகூரா. பின்னால் லத்ரேய் பாலிக்செனஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தியதும் இது அங்கே இடம் மாறியது. முதலில் வைத்தவரின் பேரினத்திலிருந்து மாறிவிட்டால் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், மாறவில்லை என்றால் அடைப்புக்குறி கூடாது. லகூரா லகூரஸ் ஆனது, பேரினப் பெயர் இலக்கணப்படி ஆண்பால் என்பதால். பொருள் முயல்வால். அந்த வெளிர்நிறக் குஞ்சத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். குடும்பத்துக்குப் பெயர் வந்தது 1840இல், லூக்கா வைத்தது.

நம் பக்கத்திலும் ஒரு பழைய இழை உண்டு. இலங்கையிலிருந்து ஈ. ஈ. கிரீனும், தென்னிந்தியாவின் பல இடங்களிலிருந்து சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் லண்டனுக்கு அனுப்பிய பல்காலிகளை விலங்கியலாளர் போக்காக் 1892இல் விவரித்தார். அப்போது இலங்கைச் சேகரிப்பிலிருந்து பெயர் பெற்றதுதான் பாலிக்செனஸ் சிலோனிக்கஸ். இப்படிப் பழைய பெயர் எதைப் பார்த்தாலும், இன்று அது எந்தப் பேரினத்தில் இருக்கிறது என்று மரவட்டைப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் மில்லிபேஸ் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தக் காலத்தில் மயிருள்ள சின்ன மரவட்டை என்றாலே பாலிக்செனஸில் போட்டுவிடுவார்கள், ஆஸ்திரேலியாவில் வீட்டுச் சுவர்களில் கூட்டமாக மொய்க்கும் யூனிக்செனஸ் போன்ற பேரினங்கள் எல்லாம் பின்னால் பிரிந்தவை.

கடைசியாக லேபிள். மைப்பேனா எத்தனாலில் கரைந்துவிடும், பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். இடம், தேதி, எந்தப் பரப்பில் கிடைத்தது (பட்டை, கல், சருகு), எடுத்தவர் பெயர். அப்புறம் உங்கள் தீர்மானம், நீங்கள் பார்த்த அளவுக்கு மட்டும். ஆறாம் நிலை இளசு ஒன்றைக் கைலென்ஸில் பார்த்தீர்கள் என்றால் லேபிளில் வர வேண்டியது இவ்வளவுதான்: "பாலிக்செனிடா, 10 ஜோடிக் கால், கண் உண்டு, பாலிக்செனிடேவாக இருக்கலாம்."